ஜூலையில் முடியாத சீசன்

"நீ ஒரு ஃபுட்பால் மேட்ச்சாவது முழுசா பாத்திருக்கியாம்மா?" என்று என் மேலாளர் கேட்டார். சென்னைக்காரர். டெக்ஸாஸின் ஃபிரிஸ்கோவில் பதினைந்து வருடமாக இருக்கிறார். எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

"பாக்கணும்னு என்ன இருக்கு? படிச்சாப் போதாதா?" என்றேன்.

"அது சரி. ரேங்க் ஹோல்டர்கிட்ட போய்க் கேட்டேன் பாரு."

அந்தப் பதிலை இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது. அன்று அதை நம்பித்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குப் பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தெரியாது. வண்டியின் நிறத்தை வைத்துத்தான் ஏறுவார். திருப்பூரிலிருந்து டெக்ஸாஸ் வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்தது படிப்பு ஒன்றுதான். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் உண்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் நிறுவனம் கிடங்குகளுக்கான மென்பொருள் விற்கிறது. அதைத் தொடங்கியவரின் அம்மா அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவர். அந்தப் பாசத்தில் அவர் அந்த ஊர்க் கால்பந்து கிளப்புக்கு ஸ்பான்சர் ஆனார். ஆட்டக்காரர்களின் மெரூன் சட்டையில், நெஞ்சுக்கு நேராக எங்கள் பெயர். அப்படி ஒரு சட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் பேன்ட்ரியில், காபி மெஷினுக்கு மேலே தொங்கியது. பிறகு அவர் நிறுவனத்தை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர்கள் தேவையில்லாத செலவுகளைப் பட்டியல் போடச் சொன்னார்கள். கிளப்பைப் பற்றிய அறிக்கை என்னிடம் வந்தது.

இரண்டு வாரத்தில் மூன்று பக்கம் எழுதினேன். அந்த ஊரில் எங்கள் மென்பொருளை வாங்கக்கூடியவர் ஒருவரும் இல்லை என்று எழுதினேன். ஒப்பந்தப்படி முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம் என்று எழுதினேன். கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்: சீசன் மே மாதத்தோடு முடிந்துவிடும், ஜூலையில் நிறுத்தினால் கிளப்புக்குப் பாதிப்பு குறைவு.

ஐரோப்பாவில் கால்பந்து ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும் என்று அலுவலகத்தில் பேசிக் கேட்டிருந்தேன். ஒரு பெரிய லீக்கின் அட்டவணையைத் திறந்து சரிபார்க்கவும் செய்தேன். அது வேறு நாட்டு லீக். அயர்லாந்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இரக்கத்தோடு ஒரு வரி சேர்த்திருக்கிறேன் என்றுகூட அப்போது நினைத்தேன். மேலிடத்தில் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை தயங்கியவர்களும் யாருக்கும் நஷ்டமில்லை என்று சரி சொல்லிவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் தொடர்புக்கு என் பெயர் இருந்ததால் நோட்டீஸும் என் கையால்தான் போனது. மறுநாள் காலை கிளப்பின் செயலாளர் வீடியோவில் அழைத்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. சம்பளமில்லாமல் அந்த வேலையைப் பார்க்கிறவர். மாதம் ஒருமுறை அழைத்து அங்கே பெய்யும் மழையைப் பற்றியே பத்து நிமிஷம் பேசுவார். அன்று மழையைப் பற்றிப் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது, கண்ணம்மா. பாதி சீசன்கூட முடியவில்லையே," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்ன செல்லச் சொல்லுக்குத் தமிழில் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

அங்கே பிப்ரவரியில் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஆடுகிறார்கள். கோடைதான் அவர்களுடைய ஆட்டக்காலம். அவர் அனுப்பிய ஒவ்வொரு மாதக் கடிதத்திலும் அது இருந்தது. நான் அவற்றைத் திறந்து, எங்கள் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர்களுடைய ஆட்டத்தை என் மேசையிலேயே பார்க்கத் தொடங்கினேன். டெக்ஸாஸில் மதியம் என்றால் அங்கே மாலை. முழுசாகப் பார்த்தேன். வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் வைக்கப் பணமில்லாமல் பையன்கள் சொந்தக் கார்களில் போனார்கள். நன்றாக ஆடிய இரண்டு பேர் சம்பளம் நிச்சயமில்லை என்று வேறு கிளப்புக்குப் போனார்கள். சிறுமிகள் அணியைக் கலைத்துவிட்டார்கள். புதுச் சட்டை தைக்க வழியில்லாததால், நாங்கள் கைவிட்ட பிறகும் எங்கள் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடினார்கள், தோற்றார்கள். எங்கள் பேன்ட்ரியில் இருந்த சட்டையை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

மேலாளரிடம் போய் என் தவறைச் சொன்னேன்.

"அதான் அப்பவே கேட்டேன், மேட்ச் பாத்திருக்கியான்னு."

"தப்புதான். இந்த சீசன் முடியற வரைக்குமாவது கன்டினியூ பண்ணச் சொல்லிக் கேக்கலாமா?"

"கேட்டேன்னு வெச்சுக்கோ, முதல்ல யாரு எழுதினதுன்னுதான் பாப்பாங்க. டிசைட் ஆயிடுச்சும்மா. விட்டுடு. இத எங்கயும் எழுத்துல வெக்காத. உன் கிரீன் கார்டு இப்பதான் மூவ் ஆகுது."

அக்கறையோடுதான் சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் செயலாளர் மறுபடி அழைத்தார். பணம் கேட்கவில்லை. ஊரில் பேச்சு கிளம்பியிருக்கிறது என்றார். அமெரிக்கக் கம்பெனி பாதி சீசனில் சும்மா போகுமா, கிளப்காரர்கள் காசில் கை வைத்திருப்பார்கள் என்று பேசுகிறார்களாம். மைதானத்தைச் சுற்றி விளம்பரப் பலகை வைத்திருந்த டயர் கடைக்காரரும் கறிக்கடைக்காரரும் அடுத்த வருடத்துக்குப் பிடி கொடுக்கவில்லை. அவர்களும் போய்விட்டால் லீக்கிடம் வரவுசெலவு காட்ட முடியாது. காட்டாவிட்டால் அடுத்த சீசனுக்கு அனுமதி கிடையாது. அந்த ஊரில் கிளப்பே இருக்காது. "நாங்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும்," என்றார்.

சட்டப் பிரிவில் கேட்டேன். காரணம் சொல்லாமல் விலகுவதுதான் நமக்குப் பாதுகாப்பு, எதுவும் எழுத வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

காரணம் சொல்லாமல் விலகுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் சட்டைகளில் ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்து ஒதுக்கும் வேலை. ஒரு நாள் வெளிநாட்டு பையர் ஆர்டரைப் பாதியில் நிறுத்தினார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் முதலாளி ஒரு காரணத்தை வைத்தார்: செக்கிங் சரியில்லை. ஆறு பெண்களை நிறுத்தினார்கள். அம்மா கம்பெனி வாசலில் சூப்பர்வைசரை மறித்துக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"எந்தப் பீஸுலீங்க ஓட்டை? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் பேசாம போயிக்கறேன்."

"அதெல்லாம் மேல முடிவு பண்ணதுங்க்கா. போங்க."

யாரும் எதையும் காட்டவில்லை. எங்கள் வீதியில் அம்மாவுக்கு 'டேமேஜ்காரி' என்று பெயரானது. வேறு கம்பெனிகளில் செக்கிங்கில் சேர்க்கவில்லை; வேஸ்ட் துணி பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. அந்த பையர் தன் ஊரில் கடைகளை மூடிக்கொண்டிருந்தார், அதனால்தான் ஆர்டரை நிறுத்தினார் என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் அந்தப் பெயர் பழகிவிட்டது. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும்.

இப்போது அந்த அலுவலகத்தில் இருப்பது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஃபோனில் பேசினேன். "ஏன் அம்மிணி, குரலு ஒரு மாதிரி இருக்குது?" என்றார். வேலை அதிகம் என்றேன். "உனக்கென்ன, நீ படிச்ச புள்ள," என்றார். அம்மா வழக்கமாகச் சொல்வதுதான். அன்று அதைக் காதில் வாங்க முடியவில்லை. குக்கர் சத்தம் போடுகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதால் கிளப் பிழைக்கும் என்று நான் நினைக்கவில்லை. போன பணம் திரும்பப் போவதில்லை. சிறுமிகள் அணி இந்த வருடம் சேரப் போவதுமில்லை. டயர் கடைக்காரர் கடிதத்தைப் படித்த பிறகும் மாட்டேன் என்று சொல்லலாம். எனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை. நிறுவனத்தின் பெயரால் எழுத எனக்கு அதிகாரமில்லை. என் பெயரால் எழுதலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். கிளப் ஒப்பந்தத்தின் எந்த விதியையும் மீறவில்லை. கொடுத்த பணத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக விவரம் அனுப்பியது. விலகும் முடிவு என் அறிக்கையைப் பார்த்து எடுக்கப்பட்டது. அந்த அறிக்கையில் சீசன் எப்போது முடியும் என்பதை நான் தவறாக எழுதியிருந்தேன்.

கையெழுத்துப் போட்டு, அவர்களுடைய ஆட்டம் தொடங்கும் முன் செயலாளருக்கு அனுப்பினேன். மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன்.