தபாலில் வந்த கோல்ஃப் மைதானம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகனை மீட்டு வர ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். சைக்கிளில் ஆள் வந்து சொன்னார் — தோட்டத்து ஆட்கள் அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்களாம். போய்ப் பார்த்தால் முப்பத்தெட்டு பேர். ஆமாம், எண்ணினேன்.

எதற்காக? கோல்ஃபுக்காக!

ராஜு பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரைகிறவன். பென்ஷன் உள்ள வேலை. அது போதவில்லை. கோல்ஃப் மைதானங்களை வடிவமைக்க லண்டனிலிருந்து தபாலில் படிக்கிறான். மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் தெருவிலேயே ஒருவன் சட்டம் படிக்கிறான், இன்னொருவன் கணக்கியல் படிக்கிறான். என் வீட்டில்தான் புல் படிக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் கப்பல் ஏறிக்கொண்டிருக்கும்போது நீ யாருக்கடா மைதானம் போடுவாய் என்று கேட்டேன். "அவங்க நாற்காலியில உட்காரப்போற நம்ம ஆளுங்களுக்குப்பா" என்றான். உண்மைதான். அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று.

பாடங்களையாவது பார்ப்போம் என்றால்... உறைபனி விழும் சரிவில் எந்தப் புல் போடுவது? செம்மறி ஆடுகளை எப்போது மேய விடுவது? மலாக்காவில் பனியை நான் ஐஸ் கச்சாங் கடையில், சீவிக் கிண்ணத்தில் போடும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பாடத்துக்கு உண்மையான நிலம் ஒன்றை அளந்து, ஒன்பது குழி மைதானம் வரைந்து அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் சான்றிதழ். தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அளவுச் சங்கிலியோடு போய்விட்டான். அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒருவன் சங்கிலி பிடித்தால் என்ன அர்த்தம்? தோட்டம் துண்டு துண்டாக விற்பனைக்கு! துண்டாடிய தோட்டங்களில் பாலுக்கு ரப்பர் மரம் சீவியவர்கள், வேலையும் போய் லயத்து வீடும் போய், மூட்டை முடிச்சோடு நின்றதை யார் பார்க்கவில்லை? 'துரையே சரி என்றார்' என்று வேறு சொல்லியிருக்கிறான் என் புத்திசாலி.

இது பரீட்சைப் படம் என்று விளக்கினேன். பந்து, குழி, மட்டை எல்லாம் சொன்னேன்.

"குழியில பந்து தள்ள லண்டன்ல பள்ளிக்கூடமா, கிராணியாரே?" என்றார் ஒரு பெரியவர். நான் கிராணி என்கிற குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியும். "எங்க பசங்க சும்மாவே கோலி ஆடுறானுங்க."

கூட்டம் சிரித்தது. ராஜு வரைந்திருந்த படத்தை வாங்கிக் கையில் வைத்திருந்த அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. மரம் சீவுகிறவர், மூன்று பிள்ளைகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இதுல எங்க லயம் எங்க இருக்கு, தம்பி?"

ராஜு விரலை வைத்தான். அங்கே லயம் இல்லை. ஐந்தாவது குழி இருந்தது, சுற்றிலும் பச்சை மையில் புல்.

"வெறும் படந்தான், அக்கா."

"படம் நல்லாத்தான் வந்திருக்கு. துரைகிட்ட காட்டுவியா?"

ராஜு ஒத்துக்கொண்டான். அனுமதி கொடுத்தபோதே துரை ஒரு பிரதி கேட்டிருந்தாராம். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"தோட்டத்தை வாங்க வர்றவங்ககிட்ட அவரு இதைக் காட்டினா?"

இந்தக் கேள்வி எந்தத் தபாலிலும் வரவில்லை. ராஜு படத்தை வாங்கினான். நான்காகக் கிழித்தான். அவர்கள் பிடுங்கி வைத்திருந்த சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

படிப்பு ஒழிந்தது என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? பஸ் ஏறியதும் அவனைத்தான் திட்டினேன் — "கிழிச்சது சரி, பரீட்சைக்கு என்னத்தடா அனுப்புவே?"

இனிமேல் கேட்டுவிட்டுத்தான் அளப்பேன் என்றான். கேட்கிறான். உஜோங் பாசிர் கடலோரத்தில் கேட்டான். அங்கே வலை காய்கிறது. ஆற்றங்கரைப் புல்வெளியில் கேட்டான். ஒருவருடைய ஆடுகள் மேய்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் கேட்டான். ஒரு சீனக் குடும்பம் மரவள்ளி போட்டிருக்கிறது.

காலி நிலம் என்று ஒன்று லண்டன் பாடத்தில்தான் இருக்கிறது போலும்!