செவலை பார்த்த நிலம்

1997-ஆம் வருடம், கட்கி தொழிற்சாலைக் குடியிருப்பில் இனி மாடு, குதிரை கட்டக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மழைக்காலத்துக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் பவுன் தன் நான்கு பசுக்களையும், கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் இரண்டு குதிரைகளையும் விற்றாக வேண்டும். விற்பதா? அந்தப் பேச்சையே அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்காட்டிலிருந்து பதினெட்டு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாஷை தெரியாத வடக்கத்தி ஊரில் முதலில் அவள் பேசிப் பழகியது மாடுகளோடுதான்.

தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த கணவர் சுந்தரமூர்த்தி, விமானப்படைத் தளம் இருக்கும் லோஹேகாவ் பக்கம் நாலு ஏக்கர் பார்த்துவிட்டு வந்து சந்தோஷத்தில் குதியாய்க் குதித்தார். மே மாதத்திலும் கிணற்றில் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் சாலை.

"ஏரோப்ளேன் சத்தம் இருக்குமே?" என்றாள் பவுன்.

"பேண்டு, பட்டாசு எல்லாம் பாத்த குதிரைக்கு ஏரோப்ளேன் இன்னா பண்ணும்?"

மனிதர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பவுன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற ரகம் இல்லை. மறுநாளே சாந்தினிக் குதிரையையும் கறவைப் பசு செவலையையும் டெம்போவில் ஏற்றி அங்கே கொண்டுபோனாள்.

நாலு மணிக்குப் போர்விமானம் ஒன்று தலைக்கு மேல் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சாந்தினி காதைக்கூட அசைக்கவில்லை.

"பாத்தியா!" என்று தொடையைத் தட்டினார் சுந்தரமூர்த்தி.

பவுன் செவலையின் மடியடியில் வாளியை வைத்தாள். அடுத்த விமானத்துக்குச் செவலை விட்ட உதையில் வாளி உருண்டது. அரைமணி நேரம் தடவிக் கொடுத்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"பழகிடும் பவுனு."

"பழகற வரைக்கும் நீங்க கறப்பீங்களா?"

அதோடு லோஹேகாவ் முடிந்தது. பதினோரு நாள் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, கடக்வாஸ்லா அணைக்கு அப்பால் ஒரு சரிவைக் கண்டுபிடித்தாள். மேலே கல் பூமி, அடியில் ஒரு ஏக்கர் கரிசல், கிணறு.

"கல்லுக்காடு. எள்ளுகூட முளைக்காது" என்று முகம் சுளித்தார் சுந்தரமூர்த்தி.

"எள்ளு வெதைக்கவா வந்தேன்?"

பக்கத்துக் காட்டுக்காரரின் எருதுகளை நிறுத்தி, காலைத் தூக்கிக் குளம்பு பார்த்தாள். அழுகல் இல்லை, உறுதியாக இருந்தது. மழையில் சேறு தேங்காத மண். குதிரைக்கு வேறென்ன வேண்டும்? புல்லுக்குக் கரிசல் இருக்கிறது.

மறுபடி டெம்போ. மாட்டைக் கேட்டு நிலம் வாங்க வந்தவளைப் பார்க்க ஊரே கூடிச் சிரித்தது. பவுன் குத்தவைத்து உட்கார்ந்தாள். செவலை ஒரு தடவை பெருமூச்சு விட்டது, பிறகு பால் இறங்கியது. வாளி நுரைத்து நிரம்ப நிரம்பச் சிரிப்பு அடங்கியது. பவுனுக்கு மட்டும் கண் கலங்கியது.

"கிரயம் யாரு பேர்ல? செவலை பேர்லயா?" என்றார் சுந்தரமூர்த்தி, தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல்.

"என் பேர்ல" என்றாள் பவுன், கறப்பதை நிறுத்தாமல்.