நாலு மூலைக்கு நாலு ரூமு கெட்டுன பாண்டிச்செல்வி அக்கா

இன்னைக்கு நான் யாரப் பாத்துட்டு வந்திருக்கேன்னு சொல்லணும், கொஞ்சம் நின்னு படிச்சிட்டுப் போங்க. தாயில்பட்டி பாண்டிச்செல்வி அக்கா. வெம்பக்கோட்டையில இருந்து ஆலங்குளம் போற ரோட்டுல அரசாங்கத் தொழிற்பேட்டை ஒண்ணு இருக்கு, அங்கன பதினேழாம் நம்பர் மனையில முட்டை அட்டை செய்றாக. கடையில முட்டைய அடுக்கி வச்சிருப்பாங்களே சாம்பல் கலர் அட்டை, அதுதான். ரெண்டு மணி நேரம் பேசிட்டு பஸ் ஏறுனேன், மனசு மட்டும் இன்னும் இறங்காம அங்கனயே நிக்குது. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிப்புடுறேன்.

அக்கா பதினேழு வயசுல பட்டாசுக் கம்பெனிக்குள்ள போனவுக. பத்தொம்பது வருசம். அவுக அம்மாவும் அய்யாவும் அடுத்தவுக காட்டுல களையெடுத்தே காலத்த ஓட்டுனவுக, சொந்தமா ஒரு அடி மண்ணு அந்தக் குடும்பத்துல யாருக்கும் இருந்ததில்ல. மூணு வருசத்துக்கு முன்னால மகளிர் குழுவோட விருதுநகர்ல ஒரு கூட்டத்துக்குப் போனாக. டீயும் வடையும் உண்டுன்னு சொன்னதாலதான் போனேன்னு அவுகளே சொல்றாக. அங்கன தொழிற்பேட்டை ஆபீசரு, இசைவாணின்னு சின்ன வயசுப் பொண்ணு, மைக்கைப் பிடிச்சு ஒரு சேதி சொல்லுச்சு. சும்மா கெடக்குற அரசாங்க நெலத்த முப்பது வருசக் குத்தகைக்குத் தாரோம், புதுசாத் தொழில் தொடங்குற பொம்பளைகளுக்குப் பாதிக் குத்தகைதான்னு.

கூட்டத்துல அக்காதான் எந்திரிச்சாக.

"ஏன் தாயி பாதிக்குத் தாரீக? நெலத்துல எதும் கோளாறா?"

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. இசைவாணியும் சிரிச்சுச்சு. "கோளாறெல்லாம் இல்லக்கா. முழுசாக் கேட்டா எல்லாரும் மதுரை, கோயமுத்தூருன்னு போயிருவாக. பட்டாசும் தீப்பெட்டியும் பிரஸ்ஸும் விட்டா இங்கன வேற தொழிலும் வளரணும்ல? நீங்க ஒரு ஆளு வந்தீகன்னா எட்டுப் பேருக்கு வேலை. அத நம்பித்தான் அரசாங்கம் பாதிய விட்டுக்குடுக்குது. ஆனா ஒண்ணு, ரெண்டு வருசத்துக்குள்ள மனையில மூணுல ஒரு பங்கு கட்டடம் நிக்கணும், உள்ள வேலை நடக்கணும். இல்லேன்னா நெலத்தத் திரும்ப எடுத்துருவாக."

அக்காவோட வீட்டுக்காரரு சங்கிலிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுறவரு. சிவகாசி பிரஸ்ஸுல வெட்டிப்போடுற பேப்பர் துண்டைத்தான் தெனமும் ஏத்தி எறக்குறாரு. அத ஊறவச்சுக் கூழாக்கி முட்டை அட்டை அடிக்கலாம்னு அவரு எங்கயோ பாத்துட்டு வந்து சொன்னது அக்கா மண்டையில ஏற்கெனவே ஓடிக்கிட்டே இருந்துச்சு. எழுதிப் போட்டாக. இருபது சென்ட் கரிசல் மண்ணு கெடைச்சிருச்சு.

அப்புறம் நடந்ததச் சொல்லும்போது அக்கா குரலே வேற மாதிரி ஆயிருச்சு. பேங்குக் கடன் வர்றதுக்கு ஒண்ணே கால் வருசம் ஆச்சு. அது வரைக்கும் கம்பெனி வேலைய விடல. ஆனா ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா சோத்தைக் கெட்டிக்கிட்டு மனைக்கு வந்துருவாக. ஒரு மரம் கெடையாது, சுவரு கெடையாது, நாலு கல்லு ஊனியிருக்கும், நடுவுல வெயிலு. சுண்ணாம்புப் பொடிய எடுத்து தரையில ரூமு ரூமாக் கோடு போடுவாக. இது மிசினு, இது கூழுத் தொட்டி, இங்கன அட்டை காயுது. காத்தடிச்சா கோடெல்லாம் பறந்துரும். அடுத்த வாரம் திரும்பப் போடுவாக.

ஒருநா சங்கிலிமுத்து தண்ணிக் கேனோட குறுக்க வந்தாரு.

"ஏங்க, நில்லுங்க! சுவத்துக்குள்ள வாரீகளே!"

"எந்தச் சுவத்துக்குள்ள?"

"கோடு தெரியல? வாசல் அந்தப் பக்கம், சுத்தி வாங்க."

மனுசன் சுத்திப்போயி, இல்லாத வாசலுக்குள்ள குனிஞ்சு வந்து, நெத்தியத் தடவிக்கிட்டாரு. "என்ன புள்ள, வாசல் நெலைய இம்புட்டுத் தாழ வச்சிருக்க, தலையில இடிக்குது!"

சாப்பிட்டு அந்தக் கோட்டுக்குள்ளயே துண்டை விரிச்சுப் படுத்துக்குவாக. மேல மேகம் போகும். அண்ணாந்து பாத்தா மேகமே கூரை போட்டமாதிரி இருக்குமாம். கண்ண மூடுனா மிசினு ஓடுற சத்தம் கேக்குமாம், அக்கா மிசின நேர்ல பாத்தது கூட இல்ல அப்ப! "பொறம்போக்கு மண்ணுதான், குத்தகைதான். ஆனா அதுல படுத்தா உடம்பு அப்படியே மெதக்கும்"னாக.

கடன் வந்ததும் பாலகுரு கொத்தனாரக் கூட்டியாந்தாக. பாலகுரு அண்ணன் முப்பது வருசமா பட்டாசுக் கம்பெனி ரூமு மட்டுமே கெட்டுனவரு. அக்கா அந்த ரூமுகளுக்குள்ளயே இருந்தவுக. இவுக போட்ட சுண்ணாம்புக் கோடும் அப்படி, அவரு கெட்டுனதும் அப்படி. மனையோட நாலு மூலைக்கு நாலு ரூமு, பத்துக்குப் பத்து. ஒவ்வொண்ணுலயும் எதிரெதிரா ரெண்டு கதவு, ரெண்டும் வெளிய தெறக்குற மாதிரி. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல அறுபதடி வெறும் மண்ணு. கரண்டு வயருக்கு ஒரு பைப்பு கூட விடல. பட்டாசு ரூமுல சட்டப்படி எழுதுற மாதிரியே செவத்துல செவப்புப் பெயிண்டுல 'நான்கு நபர்கள் மட்டும்'னு எழுதியாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரு சந்தேகம் வரல. ஒரு கம்பெனின்னா அப்படித்தானே இருக்கும்!

கெடு முடிய எழுபது நாள் இருக்கையில இசைவாணி பாக்க வந்துச்சு. நாலு மூலையும் நடந்து பாத்துட்டு நடுவுல வந்து நின்னுச்சு.

"யக்கா, இது முட்டை அட்டைக் கம்பெனிதானே?"

"ஆமா தாயி."

"முட்டை அட்டை வெடிக்குமாக்கா?"

பாலகுருதான் முன்னால வந்தாரு. "அப்படி இல்லம்மா, ஒரு ரூமுல என்னமும் ஆச்சுன்னா அடுத்த ரூமு தப்பிக்கணும்ல."

"என்ன ஆகும்ணே? பேப்பரும் தண்ணியும்தானே? சரி, மிசின் எம்புட்டு நீளம்?"

"முப்பதடி."

"ரூமு?"

பாலகுரு காதுல சொருகியிருந்த பென்சில எடுத்தாரு, பாத்தாரு, திரும்பச் சொருகிக்கிட்டாரு.

நாலு ரூமும் சேந்து மனையில இருபதுல ஒரு பங்கு கூட வரல. இசைவாணி கோவப்படல, அதுதான் அக்காவுக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. "நான் பொய்யெழுத முடியாதுக்கா. எழுபது நாளுக்குள்ள மூணுல ஒரு பங்கு நிக்கலேன்னா மனை போயிரும்"னு சொல்லிட்டு வண்டியில ஏறிப் போயிருச்சு.

அந்தச் சாயங்காலம் அக்கா அந்த வெறும் மண்ணுல உக்காந்துட்டாக. அவுக முட்டாள்தனமா கெட்டல. கல்யாணமான புதுசுல ஒரு சனிக்கெழமை, பட்டாசுக் கம்பெனியில மூணாவது ரூமு வெடிச்சுப் போயிருச்சு. அக்கா இருந்தது நாலாவது ரூமு. நடுவுல கெடந்த வெத்து மண்ணுதான் அன்னைக்கு இவுகள உசிரோட விட்டுச்சு. அந்த மண்ணு மேல கூரை போட்டு மூடுன்னா உடம்பு எப்படிக் கேக்கும்? எழுந்திரிச்சுப் போயி சுண்ணாம்புப் பொடிய எடுத்தாக. நீளமா ஒரே கோடு, எழுபதடிக்கு. அகலம் நாப்பத்திரெண்டு. உள்ள கெடந்த பழைய கோட்டையெல்லாம் காலாலேயே அழிச்சாக. அழிக்கையில காலு கூசுச்சாம். கண்ணாடி மேல நடக்குற மாதிரி இருந்துச்சாம்.

நாலு ரூமையும் இடிச்சு, அதே கல்ல எடுத்து பாலகுரு அண்ணன் ராப்பகலா நின்னு கெட்டுனாரு. இரும்புத் தூணு, தகரக் கூரை. முடிஞ்சன்னைக்கு நடுவுல நின்னு அண்ணாந்து பாத்துட்டு, "தங்கச்சி, நாலு பேருக்கு மேல கொள்ளுற எடம் நான் கெட்டுனதே இல்ல. கோயில் மண்டபத்துல நிக்குற மாதிரி இருக்கு"ன்னாராம். சொல்லும்போது அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான்.

அறுபத்தொம்பதாவது நாளு. இசைவாணி ஃபாரத்தோட வந்துருச்சு. மிசினுக்கு மாலை போட்டாச்சு. எட்டுப் பொம்பளைக, எல்லாரும் பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்தவுகதான். நாலு பேரு உள்ள போனாக. மிச்ச நாலு பேரு வாசல்லயே நின்னுட்டாக. அட்டைய எடுத்து அடுக்க ஆளில்லாம, ஓட ஆரம்பிச்ச மிசினு நின்னு போச்சு.

"வேலுத்தாய் மதினி, ஏன் அங்கனயே நிக்கீக?"

"உள்ளதான் நாலு பேரு ஆயிட்டாகல்ல செல்வி."

"இது அந்தக் கம்பெனி இல்ல மதினி!"

"புத்திக்குத் தெரியுது. காலு கேக்க மாட்டேங்குதே."

இசைவாணி மெதுவாச் சொல்லுச்சு, "யக்கா, எட்டுப் பேருன்னு எழுதிக் குடுத்திருக்கீக. வேலை நடக்கலேன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

அக்கா பூசைத் தட்டுல இருந்த தீப்பெட்டிய எடுத்தாக. நம்ம பக்கத்துல வேலை செய்ற எடத்துக்குள்ள தீப்பெட்டி வந்தா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா! வாசல்ல "ஆத்தாடி!"ன்னு ஒரு சத்தம். உள்ள இருந்த நாலு பேரும் ஒரே ஓட்டமா வெளிய வந்தாக, பாலகுரு அண்ணன் அவுகளுக்கு முன்னாலயே வெளிய நிக்காரு. அக்கா கூழுத் தொட்டிகிட்டப் போயி, ஒரு குச்சிய உரசுனாக. பத்திக்கிச்சு. வெரலு வரைக்கும் எரிய விட்டுட்டு ஈரக் கூழுல போட்டாக. சொய்ங்குன்னு ஒரு சத்தம்.

அம்புட்டுதான். ஒண்ணும் ஆகல. கூரை நின்னுச்சு, வெயிலு தகரத்து ஆணி ஓட்டை வழியா ஒழுகுச்சு, அக்கா நின்னாக.

"யக்கா, பேப்பர் கம்பெனியிலயும் தீ கூடாது!"ன்னு இசைவாணி பதறிருச்சு.

"இதுதான் கடைசி தாயி. இது இல்லாம இவுக வரமாட்டாக."

வேலுத்தாய் ஒரு காலை உள்ள வச்சாக. அப்புறம் இன்னொரு காலு. பின்னாலயே ஏழு பேரும். மிசினு ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல வேலுத்தாய் பக்கத்துல இருந்த மூக்கம்மாளத் திரும்பிப் பாத்து, "ஏடி, நீ இம்புட்டு மெதுவாப் பேசுவியா? இத்தன வருசமா ரூமு விட்டு ரூமு கத்தித்தானே கேட்டிருக்கேன்!"னாக. எட்டுப் பேரும் சிரிச்ச சிரிப்புல இசைவாணி கையெழுத்துப் போட்டது கூட அக்காவுக்குத் தெரியலயாம். மனை அக்கா கையிலயே நின்னுருச்சு.

இன்னைக்கு நான் போகையில பதினாலு பேரு வேலை பாக்குறாக. தொட்டியில காலண்டர் வெட்டுத் துண்டு ஊறிக்கிட்டு இருந்துச்சு, கூழுக்கு மேல செவப்புச் செவப்பா ஞாயித்துக்கெழமையா மெதக்குது. எவ்வளவு நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்னு தெரியல.

நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க. வெம்பக்கோட்டையில இருந்து ஆலங்குளம் பஸ்ஸு, தொழிற்பேட்டை ஸ்டாப்புல எறங்கி யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. வீட்டுல பழைய நோட்டு, கல்யாணப் பத்திரிகை கெடந்தா கையோட கொண்டு போங்க, அக்கா சந்தோசப்படுவாக. பக்கத்துல இன்னும் ஆறு மனை காலியாத்தான் கெடக்கு. தொழில் தொடங்கணும்னு மனசுக்குள்ளயே கோடு போட்டுக்கிட்டு இருக்குற அக்காமாரு யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சா, இத அவுகளுக்கு அனுப்பி வைங்க.