என் பெயர் ஒட்டிய டப்பா

என் கணவர் விழுப்புரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். சனங்கள் காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுவந்து நீட்டும் மலம், சிறுநீர், சளி எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். மதியம் அடுத்த அறையிலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். அதே மனிதர், கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், நான் வாய் வைத்துக் குடித்த தண்ணீரை ஒரு நாளும் குடித்ததில்லை.

பொங்கலன்று அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் நான் உட்கார வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கையை ஓரமாக ஒதுக்கிவிட்டு வருடா வருடம் சாப்பிட்டிருக்கிறேன். எனக்குக் குமட்டியதே இல்லை. அவருக்கு மட்டும் ஏன்? நான் அவ்வளவு அருவருப்பா? கேட்டும் விட்டேன்.

"ஏங்க, ஊரு சனத்தோடதெல்லாம் நோண்டிக்கினு இருக்கீங்க. நான் வாய் வச்ச தண்ணி மட்டும் ஆவாதா?"

"அது வேலைடி. வேலையும் வூடும் ஒண்ணா?"

நாற்பத்து மூன்று வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்ததற்கு வெளியே ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையில் இந்தக் கேள்விதான் காரணம். உளப்பகுப்பாய்வுப் பாடத்தில் அருவருப்புக்கென்றே ஒரு பகுதி இருந்தது. குழந்தைக்கு அருவருப்பு தெரியாது, தன் மலத்தையே கையில் எடுத்து விளையாடும். வளர வளர அந்த ஆசையை அடக்குகிறோம். அது மறுபடி எட்டிப் பார்க்காமலிருக்க மனம் போடும் காவல்தான் அருவருப்பு. இதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காவல் இவ்வளவு பலமாக இருக்கிறதென்றால் மனுஷனுக்கு உள்ளே என் மேல் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்! ஒரு வாரம் அவருக்கு விதவிதமாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

அடுத்த பாடம், வாய்க்குள் இருக்கும்வரை எச்சில் நம்முடையது, வெளியே வந்துவிட்டால் நமக்கே அது அந்நியம் என்றது. நம்பாமல் ஒரு டம்ளரில் துப்பித் திரும்பக் குடிக்கப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை டம்ளரைத் தூக்கியபோது அவர் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

"இன்னா பண்ற?"

"படிக்கிறேங்க."

"பரீட்சை முடியற வரிக்கும் அந்த டம்ளர்ல எனக்குக் காபி குடுக்காத."

இந்த வருடம் வல்லத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை. இளைத்தும் போனேன். எங்கள் திண்டிவனத்து டாக்டர் மோஷன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பது? அன்று பார்த்து அவர் சாப்பாட்டையும் மறந்துவிட்டுப் போயிருந்தார். டிபன் பாக்ஸையும் மலம் எடுத்த டப்பாவையும் தனித்தனியாகக் கவரில் சுற்றி ஒரே பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். நாக்கு வறண்டதால் வழியெல்லாம் பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்த அம்மா நான் பையை மடியைவிட்டு இறக்காததைப் பார்த்து, "ஊறுகாயாம்மா? கொட்டிடப் போவுது" என்றார்.

"குடு, பாத்துடலாம்" என்று கூடத்தில் என் கணவர் சாதாரணமாகத்தான் டப்பாவை வாங்கினார். என் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டினார். கையுறை போட்டு, மூடியைத் திறந்து, குச்சியை எடுத்தவர் அப்படியே நின்றார். முகம் வெளுத்தது. குச்சியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் முன்அறை வரை கேட்டது. அங்கே காத்திருந்தவர்கள் அவரவர் டப்பாவைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அழுகை பொங்கியது. இருபத்திரண்டு வருடக் கேள்விக்கு நாலு பேர் முன்னால் பதில் கிடைத்துவிட்டது. பின்னால் போனேன். குழாயடியில் குந்தியிருந்தார்.

"அவ்ளோ அருவருப்பா நானு?"

"லூசு மாதிரி பேசாத. மத்தவங்களுது சாம்பிளு. புழு இருக்குதா, ரத்தம் இருக்குதான்னு பாத்து எழுதிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன். உன்னுதுல எதுனா இருந்துச்சுன்னா நான் இன்னாடி பண்றது?"

நான் வாங்கிப் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. பக்கத்தில் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவரோடு வேலை செய்யும் பெண் கதவோரம் எட்டிப் பார்த்து, "நானே பாத்துட்டேண்ணா. அமீபாதான். மாத்திரைல போயிடும்" என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டார். என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். நான் வழியெல்லாம் வாய் வைத்துக் குடித்த அதே பாட்டில். உதட்டை அழுத்தி வைத்து மடமடவென்று குடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயும் குடி. அழுவாத."

கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். வாங்கிக்கொண்டேன். இப்போதுதான் வாந்தி எடுத்த வாய். பாட்டிலின் விளிம்பு ஈரமாக இருந்தது.

தலையை அண்ணாந்து, உதடு படாமல், உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டேன். பாதி புடவையில் கொட்டியது. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.