வளைவில் நின்ற கார்

அக்காவின் காரியங்கள் முடிந்து அவளுடைய அலமாரியை ஒழித்தபோது, பட்டுச்சேலைகளுக்கு அடியில் துணியில் சுற்றிய ரப்பர் பெல்ட் ஒன்று கிடைத்தது. தையல் எந்திரத்தினுடையதாக இருக்கும் என்றாள் என் மனைவி. அது எங்கள் பழைய காரினுடையது என்று எனக்குத் தெரியும். அன்று அப்பா மாமாவின் பேச்சைக் கேட்டு டர்போவைத் தேர்ந்தெடுத்திருந்தால், அக்கா எடுத்து வைத்துக்கொள்ள ஒரு பெல்ட்கூட மிஞ்சியிருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் எண்ணூறு சிசி கார் ஒன்று நின்றது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த அப்பா அதை வாங்கியதே அக்காவுக்காகத்தான். இளம்பிள்ளை வாதம் அவளுடைய இரு கால்களையும் சிறுவயதிலேயே சூம்பவைத்திருந்தது. மேகம் காலுக்குக் கீழே போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒருநாள் கேட்க, அம்மாவின் தம்பியான மாமாவையும் சேர்த்துக்கொண்டு ஐவராக மாஞ்சோலைக்குப் புறப்பட்டோம். மணிமுத்தாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கார் திணறியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுபோய், பின்னோக்கி உருளத் தொடங்கியது. அப்பா பிரேக்கை அழுத்திப் பிடிக்க, அம்மாவும் மாமாவும் நானும் குதித்திறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம்.

பின்னால் எஸ்டேட் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. வழி கிடைத்தால் போதுமென்று பயணிகளும் தள்ள இறங்கினார்கள். ஒருவர் சன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மகாராணி எறங்க மாட்டாகளோ?"

"நான் எறங்கத்தான் பாக்கேன் அண்ணாச்சி," என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. "காலு ரெண்டும் வரமாட்டேங்கு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், நல்ல பதிலடி என்று நினைத்தேன். காரைத் தள்ளித் திருப்பி வீடு வந்து சேர்ந்தோம். அதன்பின் அக்கா காரில் ஏறவில்லை. கோயிலுக்கு அழைத்தால் தலைவலி. கல்யாணத்துக்கு அழைத்தால் பரீட்சை. வீட்டிலிருந்தபடியே கணிதப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்ததால் பரீட்சைக்குப் பஞ்சமில்லை.

அப்பா என்ஜின்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். கூடுதல் காற்றை உள்ளே திணித்தால் சிறிய என்ஜினும் பெரியதைப்போல் இழுக்கும். டர்போ, சூப்பர்சார்ஜர் என்று இரண்டு கருவிகள் இருந்தன; எதைக்கொண்டு திணிப்பது என்பதே கேள்வி. மாமாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்திறங்கும் பழைய ஜப்பான் சாமான்களில் இரண்டுமே கிடைக்கும் என்றார். ஞாயிறுதோறும் வாசலில் காரை நடுவில் வைத்து வாதம் நடந்தது.

"பொக சும்மாதான அத்தான் வெளிய போகுது? போற போக்குல டர்போவச் சுத்திட்டுப் போகட்டும். ஒங்க சூப்பர்சார்ஜரு என்ஜின்லயே பெல்ட்டப் போட்டு, அதோட பலத்தையே திங்கும்."

"தின்னுட்டுப் போகட்டும். மிதிச்ச ஒடனே காத்தக் குடுக்கும்லா? ஒம்ம டர்போ, பொக வேகம் எடுக்க வரைக்கும் முழிச்சிக்கிட்டு நிக்கும்."

"ஒரு நொடி நிக்குமா? அதுக்குள்ள குடியா முழுகிரும்?"

"அந்த ஒரு நொடியிலதான் மாப்பிள, வண்டி பின்னால போகுது."

நான் மாமாவின் கட்சி. டர்போ என்ற சொல்லிலேயே வேகம் இருந்தது. அக்கா எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இவுக ரெண்டு பேரையும் பானெட்டுல கட்டி வச்சாப் போதும்லே. அடிக்க காத்துக்கு வண்டி பொதிகை உச்சிக்கே போயிரும்," என்றாள்.

அப்பா சொன்னதே நடந்தது. வண்ணார்பேட்டைப் பட்டறை ஒன்றில் சூப்பர்சார்ஜரைப் பொருத்தினார்கள்.

"என்ஜின் ரொம்ப நாள் தாங்காது அத்தான்," என்றார் மாமா.

"ரொம்ப நாள் எனக்கு வேண்டாம்."

அக்காவை அப்பா வற்புறுத்தவில்லை. "நான் போட்ட கணக்கு சரியா தப்பான்னு யாராவது பாக்கணும்லா. நீ வா," என்றார். அவள் சேலை மாற்ற அம்மாவைக் கூப்பிட்டாள்.

மீண்டும் அதே ஐவர். பெல்ட்டின் கீச்சொலியோடு கார் வளைவு வளைவாக ஏறியது. முன்பு நின்ற அந்த வளைவு வந்தது. அதன் நடுவில், செங்குத்தான இடத்தில், அப்பா காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார்.

"ஏம்ப்பா நிப்பாட்டுதிய? நல்லாத்தான போய்க்கிட்டு இருக்கு!"

மாமா என் தொடையைக் கிள்ளினார். அப்பா கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இறங்கவில்லை. பிறகு பிரேக்கை விடுவித்து மிதித்தார். கார் ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மேலே எழுந்தது. அக்கா முன் இருக்கையின் முதுகில் கையை வைத்தாள். மாஞ்சோலை வரும்வரை அதை எடுக்கவில்லை.

சில மாதங்களில், மாமா எச்சரித்தபடியே, என்ஜின் கெட்டது. அப்பா சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டுக் காரைப் பழையபடியே ஆக்கினார். டர்போ போட்டிருக்க வேண்டும் என்று நான் பள்ளியில் சொல்லித் திரிந்தேன். நன்றாக ஏறுகிற காரை ஏற்றத்தின் நடுவில் நிறுத்துகிறவருக்கு ஓட்டத் தெரியாது என்றும் சொன்னேன். அந்தப் பழைய திணறலோடு கார் போன இடங்களுக்கெல்லாம் அக்கா எங்களோடு வந்துகொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை.