பாகற்காய்க்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. எல்லையோரத் தோட்டங்களில் காய்கறிகளை விஷத்தில் முக்கி எடுக்கிறார்களாம். எழுதியவர் யார்? தெரியாது. எந்தத் தோட்டம்? தெரியாது. என்ன விஷம்? அதுவும் தெரியாது. இத்தனை தெரியாதவை ஒன்றுசேர்ந்தால் எங்கள் குழுவில் அதற்குப் பெயர் — 'உறுதியான தகவல்'.

உறுதியான தகவலுக்கு உடனடியாக ஒரு குற்றவாளி தேவை. தங்கவேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

தங்கவேல், தமிழக எல்லையை ஒட்டிய எலப்புள்ளியின் விவசாயி. சனிக்கிழமைதோறும் மனைவி மரகதத்துடன் மினி வேனில் பாகற்காயும் புடலையும் கொண்டுவந்து, பாலக்காட்டில் இருக்கும் எங்கள் குடியிருப்பின் கேட்டருகே விற்பார். எங்களை நம்பித்தான் கோயமுத்தூர் மண்டிக்குச் சரக்கு அனுப்புவதையே நிறுத்தியிருந்தார். மண்டியில் அவர் காய்க்கு வேறொருவர் விலை சொல்வார். இங்கே அவரே சொல்லலாம். ஒரு விவசாயிக்கு அது சிறிய சுதந்திரமன்று.

எங்கள் சங்கத்தின் செக்ரட்டரி விசு மாமா. கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். மொட்டைமாடியில் குரோ பேக் வைத்து வெண்டைக்காய் வளர்த்து, குடியிருப்பினருக்கும் கொடுப்பவர். அந்த வெண்டையைப் பற்றிப் பேசாமல் ஒரு கூட்டத்தையும் முடித்தறியாதவர்.

"இனி அவனைக் கேட்டண்டை விட வேண்டாம்னாக்கும் கமிட்டி தீர்மானம்," என்றார். "கொழந்தைகள் இருக்கற எடம். வெறுதே ரிஸ்க் எடுக்கணுமோ?"

"டெஸ்ட் பண்ணிப் பாக்காம ஒருத்தர் பொழப்பைக் கெடுக்கறது நியாயமா மாமா?" என்றேன்.

"அப்போ நீயே டெஸ்ட் பண்ணிண்டு வா. படிச்சவளாக்கும் நீ. ரிசல்ட் வர்ற வரைக்கும் கடை கெடையாது."

நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகும் வரை மனிதன் நிரபராதி. பாகற்காய்க்கு அந்தச் சலுகை இல்லை போலும்.

தங்கவேலுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மருந்து அடிக்கிறீர்களா என்றும் கேட்டேன்.

"அடிக்கலீன்னு நா எப்பங்க சொன்னேன் அம்மிணி? காய்ல புழு உழுந்தா அடிச்சுத்தானுங்க ஆகோணும். அடிச்சா, டப்பாவுல போட்டிருக்கற கெடு முடியற வரைக்கும் காய்ல கை வெக்கறதில்லீங்க. டெஸ்டுதானுங்களே... பண்ணிப்போடலாமுங்க." பிறகு, "பெயிலாப் போச்சுன்னா என்னங்க அம்மிணி பண்றது?"

விளைவுகளை யோசித்துத்தான் எதையும் செய்வேன் என்று எனக்கொரு பெயருண்டு. அன்று முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் உணவுப் பரிசோதனை ஆய்வகத்துக்கு வந்த தங்கவேலின் கையில் ஒரு புதுக்கூடை. வாழையிலை விரித்து, அதன்மேல் பாகற்காய்களை அடுக்கியிருந்தார்கள். ஒன்றில்கூட வளைவில்லை, ஒரு பொட்டு மண்ணில்லை. சீர்வரிசைத் தட்டில் வைக்கலாம்... அத்தனை அழகு!

கவுண்டரில் இருந்த மலையாளப் பெண் ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இது கழுகினதோ சேட்டா?"

"ஆமாங்க!" தங்கவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஊட்டுக்காரி மஞ்சத்தண்ணி, உப்புத்தண்ணி ரெண்டுலயும் அலசி, துணியில தொடச்சு வெச்சாங்க."

"அய்யோ! கழுகினது எடுக்கான் பற்றில்லா, எடுக்க முடியாது. தோட்டத்துல எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வரணும்."

"ஏனுங்க, ஒரு ஆபீசுக்கு மண்ணும் சருகுமாவா கொண்டாந்து குடுக்கறது? ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கே நாங்க அப்பிடிக் குடுக்க மாட்டமுங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஏனெனில், நடந்ததைக் குழுவில் நான் தெரிவித்தாக வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்வது என் வழக்கம். அதன் விளைவைப் பிறர் அனுபவிப்பது உலக வழக்கம்.

குழுவில் தீர்ப்பு சில நிமிடங்களில் வெளியானது. 'கழுவிக் கொண்டு போனானா? அப்போ என்னமோ இருக்கு!' 'தடயத்தை அழிச்சிருக்கான்.' 'மஞ்சள் எதுக்கு? யோசிங்க.' ஒரு மனிதன் மரியாதை செய்தான் என்ற எளிய விளக்கம் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடியும் மாதிரி எடுத்தோம். இம்முறை ஆய்வகத்தின் ஊழியர் ஒருவரே எலப்புள்ளிக்கு வந்து, பந்தலிலிருந்து தன் கையாலேயே பறித்து, உறையிலிட்டு முத்திரை வைத்தார். மரகதம் தூரத்தில் நின்று, கழுவாத காய் ஊர்வலம் போகும் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கொரு யோசனை. ஒப்பிட்டுப் பார்க்க நம் மொட்டைமாடி வெண்டையையும் அனுப்பினால் என்ன?

விசு மாமாவின் முகம் மலர்ந்தது. "பேஷா அனுப்பு! சுத்தம்னா என்னன்னு அந்த லேப்காராளும் ஒருதரம் பாக்கட்டுமே." கத்தரிக்கோல் எடுத்துவந்து அவரே நறுக்கிக் கொடுத்தார். கழுவவில்லை. ஏற்கெனவே சுத்தமானதை எதற்குக் கழுவுவது?

முடிவு வரத் தாமதமாயிற்று. இயந்திரத்துக்கு அவசரமில்லை, வரிசையில் நிறையக் காய்கள் காத்திருந்தன. அதுவரை எங்கள் குடியிருப்பினர் பசியோடா இருந்தார்கள்? சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினார்கள். அந்தக் காய்கள் எந்தத் தோட்டத்தில் விளைந்தவை, யார் மருந்தடித்தார்கள், என்றைக்குப் பறித்தார்கள் — ஒருவரும் கேட்கவில்லை. குளிரூட்டப்பட்ட அறையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் காயைச் சந்தேகிப்பது நாகரிகமாகாது அல்லவா?

ஒருவழியாக அறிக்கை வந்தது. தங்கவேலின் பாகற்காயில் கண்டறியத்தக்க மருந்து எச்சம் எதுவுமில்லை. மொட்டைமாடி வெண்டையில் பூச்சிக்கொல்லி — அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல்.

அறிக்கையுடன் மாடியேறினேன். விசு மாமா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வாசித்தார்.

"செடிக்கு ஏதாவது அடிச்சேளா மாமா?"

"மருந்தா? நானா? சேச்சே!" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "வெள்ளை ஈ வந்துது. கரப்பானுக்கு அடிக்கறது ஆத்துல இருந்துது. அதைத்தான் தெனம் சாயங்காலம் லேசா... ஆனா அது விவசாய மருந்தில்லை கேட்டியா! டப்பாவுலயே 'வீட்டு உபயோகத்துக்கு'ன்னு போட்டிருக்காக்கும்!"

விஷம் என்பது எப்போதும் அடுத்தவன் தெளிப்பது. நாம் தெளித்தால் அது பராமரிப்பு. இந்த உண்மையைக் கண்டறியும் இயந்திரம் எந்த ஆய்வகத்திலும் இன்னும் நிறுவப்படவில்லை.

அன்றே குழுவில் செக்ரட்டரியின் அறிவிப்பு வந்தது: 'தங்கவேலின் காய்கறிகள் சோதனையில் தேறியுள்ளன. சனிக்கிழமைக் கடைக்கு அனுமதி. சில நிர்வாகக் காரணங்களால் மொட்டைமாடி வெண்டை வினியோகம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது.' கைதட்டும் படங்கள் குவிந்தன. மன்னிப்பு என்ற சொல்லுக்கு மட்டும் குழுவில் படம் கிடைக்கவில்லை.

மகிழ்ச்சியோடு தங்கவேலை அழைத்தேன். வெண்டைக்காய்க் கதையையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரித்தார். பின்னாலிருந்து மரகதத்தின் குரல் கேட்டது: "அந்த வெண்டக்காயப் பொரியல் பண்ணி அவரையே திங்கச் சொல்லுங்க அம்மிணி!"

"நீ சும்மா இரு புள்ள," என்று அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "ரொம்பச் சந்தோசமுங்க அம்மிணி. ஆனா சனிக்கெழம வர முடியாதுங்க."

"ஏன் அண்ணா? கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் காய் கொடியில காத்திருக்குமுங்களா? முத்திப் பழுத்துப் போயிருமுங்க. பழையபடி மண்டிக்காரர்கிட்டத்தான் போனனுங்க. நடுவுல உட்டுப்போட்டுப் போயிட்டு இப்பத்தான் வழி தெரிஞ்சுதான்னு கேட்டாரு. இந்தப் போகம் முச்சூடும் வேற யாருக்கும் குடுக்காம எனக்கே தாட்டி உடறதுன்னா எடுக்கறேன்னாரு. செரின்னு வாக்குக் குடுத்துட்டனுங்க."

"வாரம் ஒரு கூடையாவது இங்க கொண்டு வரலாமே?"

"வாக்குங்க அம்மிணி. பேசுன பேச்ச மாத்தப்படாதுங்க."

சோதனை வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. உண்ணும் உணவில் என்ன இருக்கிறது என்று அறிவது நம் உரிமை. ஆனால் சந்தேகம் ஒரு நொடியில் பிறக்கிறது. அறிக்கை ஆற அமர வருகிறது. இடைப்பட்ட நாட்களில் கடையை மூடாமலிருக்க எங்களுக்குத் தோன்றவில்லையே... அந்த நாட்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

தங்கவேலின் பாகற்காய் இப்போது தினமும் வாளையார் எல்லையைத் தாண்டிக் கோயமுத்தூருக்குப் போகிறது.

எங்கள் நோட்டீஸ் போர்டில் நஞ்சில்லாப் பாகற்காய்க்கு அசல் சான்றிதழ் இருக்கிறது, பாகற்காய்தான் இல்லை.