சத்தமில்லாமல் ஓட்டம் தொடங்குவது எப்படி

உடற்கல்வி ஆசிரியைக்கு ஒரு விசிலும் வெயில் தாங்கும் தலையும் போதும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். பல்கலைக்கழகத்துக்கும் ஊர் மக்களுக்கும் நீடித்த உறவு வளர்க்கும் பொறுப்பையும் அதே தலையில் கட்டுவார்கள் என்று யார் கண்டது? உங்களுக்கும் யாராவது 'ஒருங்கிணைப்பாளர்' என்று பட்டம் சூட்டி, ஒரு பேனரோடு காரில் ஏற்றி அனுப்பியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

எனக்கு வாய்த்தது தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஊர். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் முப்பது பேர் சேர்ந்து ஞாயிறு தோறும் ஓடவும் கபடி ஆடவும் ஒரு குழு வைத்திருந்தார்கள். தலைவி சண்முகத்தாய், சரம் பின்னும் வேலை. மாதம் ஒருமுறை டாக்டர், வாரம் ஒருமுறை பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் என்று சொன்னோம். அவருக்கு டாக்டர்தான் முக்கியம். தங்கை பேச்சிக்கு எத்தனையோ மாதமாக இருமல் நிற்கவில்லை.

ஐந்தாவது பேனர்

முதல் நாள் பேனரைக் கட்ட இடம் தேடினேன். சண்முகத்தாய் என்னைத் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனார். மாட்டுக் கொட்டகை மேல் ஒரு பேனர், விறகு மேல் ஒன்று, வத்தல் காயும் இடத்தில் இரண்டு. எல்லாம் எங்களுக்கு முன்னால் வந்து உறவு வளர்த்துவிட்டுப் போனவர்கள் விட்டுச் சென்றது. ஒருவரும் இரண்டாம் தடவை வரவில்லையாம்.

நாங்கள் அப்படி இல்லை என்று வேகமாகச் சொன்னேன். அவர் என் பேனரின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இது நல்ல கெட்டியாத்தான் இருக்கு டீச்சர். போன தடவ வந்தவுக குடுத்தது ஒரு மழைக்குத் தாங்கல."

ஊத மறுத்தவர்கள்

அடுத்த மாதம் டாக்டரம்மாவைக் கூட்டிப் போனேன். மூச்சின் பலம் பார்க்க ஒரு குழாய் இருக்கிறது, பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். முப்பது பேரும் வரிசையாக நின்றார்கள், ஊதத்தான் ஒருத்தியும் முன்வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஆளைக் கூட்டி வந்திருக்கிறேனே என்று முணுமுணுத்தேன்.

டாக்டரம்மாதான் விஷயத்தைப் பிடித்தார். நோட்டை மூடி வைத்தார். பேர் எழுத மாட்டேன், அளவு எழுதிய சீட்டு உங்கள் கையில்தான் இருக்கும் என்று சொன்னார். அதற்கப்புறம் சண்முகத்தாய் குழாயை வாங்கிக்கொண்டு சொன்னது: "இந்தச் சீட்டு கம்பெனிக்குப் போவாதுன்னா எம்புட்டு நேரம் வேணாலும் ஊதுறேன். போவும்னா எனக்கு மூச்சே கெடையாது."

சீசன்

எங்கள் துறைத் தலைவர் நல்ல மனுஷர், ஆனால் காலண்டர் பைத்தியம். ஒப்பந்தக் கையெழுத்தோடு விளையாட்டு விழாவைத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வைத்தார். சிவகாசிப் பக்கத்தில் அந்த நாளில் மூச்சுவிடக்கூட நேரம் கிடையாது என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மைதானத்தில் அவரும் நானும் ஒரு மைக் செட்டும்தான். கம்பெனி வேன் போகும்போது ஜன்னல் வழியாக சண்முகத்தாய் தலையை நீட்டினார்: "தீவாளி கழிச்சு வாங்க சார், நாங்க எங்கயும் போயிர மாட்டோம்."

துப்பாக்கி

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு. இந்தத் தடவை ஊரே வந்திருந்தது. மேஜை மேல் ஒப்பந்தத் தாள், பேனா, பூமாலை. முதலில் பெண்கள் ஓட்டம். துறைத் தலைவர் பல்கலைக்கழகத்துத் தொடக்கத் துப்பாக்கியை ஆசையாகக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நானும் உயர்த்திச் சுட்டேன்.

ஒருத்திகூட முடிவுக் கோட்டை நோக்கி ஓடவில்லை. பாதிப் பேர் ரோட்டுக்கு ஓடினார்கள், மீதிப் பேர் கம்பெனிப் பக்கம் புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். எல்லார் காதிலும் ஃபோன். ஞாயிறானாலும் பேச்சி அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஷெட்டுக்குள் ஃபோன் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று தெரிந்தும் சண்முகத்தாய் அவளுக்கே அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட் வாட்ச்மேன் எடுத்து, அங்கே ஒன்றுமில்லை என்றார். விருதுநகரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கே தோன்றவில்லையே என்று அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கூசிப்போய் நின்றேன்.

சுட்டது நான்தான் அக்கா என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தெரியும் டீச்சர், துப்பாக்கியப் பாத்துட்டுத்தான ஓடுனேன். தெரிஞ்சாலும், அங்கன ஒரு கொரலு கேட்டாத்தான் மனசு ஆறும்."

கையெழுத்துப் போடாமலே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வரி

அடுத்த ஞாயிறு காரும் பேனரும் இல்லாமல் பஸ்ஸில் போனேன். எங்கள் ஒப்பந்தத்தின் பதினாறு பக்கத்தையும் படித்துக் காட்டி, என்ன சேர்க்க வேண்டும் என்று முதன்முதலாகக் கேட்டேன். அவர்கள் ஒரே வரி சொன்னார்கள்: ஊரிலானாலும் பல்கலைக்கழகத்திலானாலும் ஓட்டத்துக்கு வெடிச் சத்தம் கூடாது. துப்பாக்கி இல்லாத போட்டியைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று துறைத் தலைவர் இழுத்தார். அன்றைக்கு நீங்களும்தானே சார் அந்த ஃபோன்களைப் பார்த்தீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன்.

எங்கள் மைதானத்தில் போட்டி நடந்த அன்று, அவரே தன் காரிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து வந்து கோட்டில் நின்றார். எங்கள் மாணவிகளும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து நிற்க, துண்டை விசிறி இறக்கினார். ஓடினார்கள். சண்முகத்தாய் கடைசிக்கு முந்தி வந்தார். பேச்சி ஓடவில்லை, மரத்தடியில் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து குழாயை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

சண்முகத்தாய் வேர்வைக் கையோடு கையெழுத்துப் போட்டார். தாளை என்னிடம் நீட்டும்போது சொன்னார்: "அடுத்த மாசம் பேனரு இல்லாட்டியும் பரவாயில்ல டீச்சர். டாக்டரம்மாவையும் இந்தத் துண்டையும் மறந்துராதீக."

அந்தப் பதினாறு பக்கம் இப்போது எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, துண்டு எந்தக் கொடியில் காய்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.